இல்லாத கயிறு

மாவு பிசைவதில் பேக்கரி மாஸ்டரை அடித்துக்கொள்ள ஆளில்லை. கோபப்படுவதிலும் அப்படித்தான். பள்ளிக்கு வரச்சொன்ன நர்ஸம்மா, அவர் மகளின் எடையைப் பற்றிப் பேச்செடுத்ததுமே மனுஷனுக்கு மூக்குக்கு மேல் வந்துவிட்டது.

"நல்லா சாப்பிடுற புள்ள. கண்ணு வைக்காதீங்கம்மா!"

"கண்ணு வைக்கலைங்க, கேக்குறேன். ஸ்கூல் விட்டு வந்து என்ன பண்ணுவா?"

இதில் ஒளிக்க என்ன இருக்கிறது? மனைவிக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் மாலை ஷிப்ட். தெருவிலோ லாரிகள் பறக்கின்றன. ஆகவே மகளை மாடி வீட்டில் விட்டு, "கதவைத் திறக்காதே" என்று சொல்லிவிட்டு இவர் பேக்கரிக்கு ஓடுவார். இன்றும் விட்டுவிட்டுத்தான் வந்திருந்தார். வீட்டில் டிவி உண்டு. விற்காமல் மிஞ்சிய கிரீம் பன்னும் எப்போதும் உண்டு.

"ஓடியாடி விளையாடுறதுக்கு?"

ஸ்கிப்பிங் கயிறு ஒன்று இருக்கத்தான் செய்தது. தலையில் இடி விழுகிறது என்று கீழ் வீட்டுக்காரர் சண்டைக்கு வரவும், அதைப் பிடுங்கி பீரோ மேல் போட்டது யாராம்? சாட்சாத் இவரேதான்.

"ஸ்கிப்பிங் போட்டிக்குப் பேர் குடுத்திருக்காளே, உங்ககிட்ட சொல்லலையா?"

மாஸ்டருக்குப் பகீரென்றது. வீட்டில்தான் அவள் சிட்டு. வகுப்பில் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் டிரம். மைதானமே கூடிச் சிரித்தால் பிள்ளை தாங்குவாளா? பெயரை எடுக்கச் சொல்லிவிட வேண்டியதுதான் என்று விறுவிறுவென வீட்டுக்கு நடந்தார்.

சாவி போட்டுத் திறந்தால், டிவி ஓடவில்லை. மெத்தையைத் தரையில் இழுத்துப் போட்டு, அதன் மேல் சிட்டு குதித்துக்கொண்டிருந்தாள். கையில் கயிறு இல்லை. வெறும் மணிக்கட்டைச் சுழற்றிச் சுழற்றி, சத்தம் வராமல் நுனிக்காலில் இறங்கினாள். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. திடீரென்று நின்று, "ச்சே, கால்ல பட்டுடுச்சு" என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

இல்லாத கயிறு காலில் பட்டதாம்! பார்க்க ஒரு ஈ காக்கை இல்லாத இடத்தில் இப்படி ஒரு நேர்மையா? இவளை நான் பெற்றேனா, இவள் என்னைத் திருத்தப் பிறந்தாளா என்று மாஸ்டர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"பன்னு சாப்பிடலையா கண்ணு?"

சிட்டு திடுக்கிட்டுத் திரும்பினாள். "வேணாம்னா உங்க முகம் வாடிடும்னு தினம் சாப்பிடுறேன்ப்பா. குதிக்கிறப்ப நெஞ்சக் கரிக்குது."

அடப்பாவி மனுஷா! பாசத்தை ஊட்டுவதாக நினைத்து எதை ஊட்டியிருக்கிறாய்!

பீரோ மேலிருந்த கயிற்றை எடுத்துத் தூசி தட்டினார். "வா, கீழ வண்டி நிறுத்துற இடத்துல குதி. நான் நிக்கிறேன்."

"பேக்கரி?"

"மாவு பொங்க இன்னும் நேரம் இருக்கு. வாடா."

சிமென்ட் தரையில் கயிறு சடார் சடாரென்று அடித்தது. கீழ் வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"போட்டிக்கு நிக்கிறா சார் எம் பொண்ணு!" என்றார் மாஸ்டர், கேட்பதற்கு முன்பே.

அந்த நேரம் பார்த்துக் கயிறு அவள் கால் விரலை லேசாக உரசிப் போனது. கீழ் வீட்டுக்காரர் கவனிக்கவில்லை, மாஸ்டர் கவனித்துவிட்டார்.

"படலம்மா, விடாத, போ போ!"

"பட்டுச்சுப்பா" என்று நின்றாள் சிட்டு. மூச்சு வாங்கிக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.