ஐஸ் பெட்டியில் அக்கோத்

1

இந்தக் கதைக்கு முதலில் ஒரு சட்டத்தைத்தான் எழுதினேன்; மனிதர்கள் பிறகு வந்தார்கள். ஆராய்ச்சிக்கு எடுத்த ரத்தத்தை ஆய்வகம் பாதுகாக்கலாம். அனுமதி வாங்கி வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பலாம். கொடுத்தவர் வேண்டாம் என்றால் எரித்துவிட வேண்டும். வீட்டுக்குக் கொடுக்கலாம் என்று மட்டும் எழுத மறந்துபோனேன். சட்டம் எழுதுகிறவர்களும் இப்படித்தான் மறப்பார்கள் போலிருக்கிறது.

2

கென்யாவின் கிசுமு நகரில் இதமான ஏரிக்காற்று வீசிய ஒரு காலையில், ஆய்வகத்தின் சட்ட அதிகாரி ஒடேரோ தன்

(வேண்டாம். அந்த ஏரியை அழகாகக் காட்ட எனக்கு மனம் வரவில்லை. பிள்ளையை விழுங்கியதே அதுதான்.)

அபோண்டியின் மகள் அக்கோத்துக்கு ஒன்பது வயது. மலேரியா தடுப்பூசி ஆய்வுக்கு ரத்தம் கொடுத்தவள். போன மாதம் படகு கவிழ்ந்ததில் போய்விட்டாள், உடல் கிடைக்கவில்லை. உடல் கிடைக்காதவர்களுக்குப் பதிலாக லுவோ மக்கள் யாகோ மரத்துக் காயைப் புதைப்பார்கள். புருஷன் வீட்டார் குழியும் வெட்டிவிட்டார்கள். அபோண்டி மட்டும் அந்தக் காயைத் தொட மாட்டேன் என்று கிளம்பி, ஒடேரோவின் அறைக்கு வந்தாள்.

“உக்காரும்மா.”

“உக்கார வரல அண்ணே. எம்புள்ள ரத்தம் உங்க ஐஸ் பெட்டில இருக்குல்ல? அதக் குடுங்க. புதைக்கணும்.”

“வெளிய குடுக்கக் கூடாதும்மா. வேணாம்னு நீ எழுதிக் குடுத்தா அழிச்சிடுவோம்.”

“அழிக்கிறதுன்னா?”

“எரிக்கிறது.”

“நீங்களும் லுவோதானே? உங்க வீட்ல யாரையாச்சும் எரிச்சிருக்கீங்களா? அவ ரத்தம் ஏரோப்ளேன்ல வெள்ளக்காரன் ஊருக்குப் போலாம், பெத்தவ கூட பஸ்ல வீட்டுக்கு வரக் கூடாதா?”

3

ஒடேரோவை முதலில் கல்நெஞ்சனாக எழுதினேன். பொருந்தவில்லை. யாரையும் கேட்காமல் வெளிநாட்டுக்காரர்கள் ரத்தத்தைப் பெட்டி பெட்டியாக அள்ளிக்கொண்டு போனார்களே, அதற்கு இந்தச் சட்டத்தால் பூட்டுப் போட நாய் படாத பாடு பட்டவன் அவன். நல்ல பூட்டுத்தான். தாய் வந்து தட்டினாலும் திறக்காது என்பதை அன்றைக்குத்தான் பார்த்தான்.

முடிவு ஒன்று: ரத்தக் குப்பியை அவன் சட்டைப்பையில் ஒளித்து

(அடித்துவிட்டேன். இவளுக்குத் திறக்கும் கதவு நாளை காசுக்காரனுக்கும் திறக்கும். அது அவனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும், அதனால்தான் இவ்வளவு கோபம் வருகிறது.)

முடிவு இரண்டு: எரிக்கிறார்கள். எரித்ததாகச் சான்றிதழ் தருகிறார்கள். அவள் அதைக் கொண்டுபோய்க் குழியில்

(கை வரவில்லை.)

4

மூன்றாவதை அபோண்டியே சொன்னாள்.

“எரிக்காதீங்க. அங்கயே இருக்கட்டும். ஊர்ல அவங்க காயப் புதைச்சுக்கட்டும்.” கதவு வரை போனவள் திரும்பினாள். “அப்பப்ப வந்து பாத்துட்டுப் போலாமா அண்ணே? தொட மாட்டேன். கண்ணாடி வழியாப் பாத்தாப் போதும்.”

அந்த அறைக்குள் ஊழியர்கள் மட்டுமே போகலாம். போனாலும் குப்பியின்மேல் அக்கோத்தின் பெயர் இருக்காது. ஓர் எண் இருக்கும். (அடிக்குறிப்பு: பெயரை மறைப்பதும் சட்டம்தான். பிள்ளைகளின் நன்மைக்காகப் போட்டது.)

ஒடேரோ வாயைத் திறந்தான்.

“முடியாதும்மா” என்று எழுதினேன். அடித்தேன். “வாம்மா” என்று எழுதினேன். அது பொய்; அதையும் அடித்தேன். இதற்குமேல் எனக்குத் தெம்பில்லை. அவன் சொல்ல வேண்டியதை நீங்களே சொல்லிவிடுங்கள். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.