எந்தத் துரை வந்தாலும்

பந்தல் போட்டால் துரை வரமாட்டாராம். தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணி விசுவலிங்கம் இப்படிச் சொன்னபோது அவர் மனைவி யோகாம்பாள் முருங்கைக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள், கை நிற்கவில்லை. மகள் விமலாதேவிக்குக் கலியாணம். காலையில் கோயிலில் தாலி கட்டு, அது சாமி பார்க்க. மாலையில் தோட்டத்துத் திடலில் 'றிசெப்ஷன்', அது வெள்ளைக்காரத் துரை பார்க்க. தென்னோலைப் பந்தல் லயத்துக் கூலி ஆட்களுக்குத்தான் சரியாம். துரை வந்து உட்காரக் கன்வாஸ் கூடாரம் வேண்டுமாம்.

"கூடாரத்துக்கு எங்க போவியள்?"

"அதெல்லாம் உமக்கு விளங்காது. நீர் காயை வெட்டும்."

விளங்கத்தான் இல்லை. கோலசிலாங்கூர் முழுக்க அலைந்தும் கூடாரம் அகப்படவில்லை. கடைசியில் ஆற்றுக்கு அக்கரையில், பாசிர் பெனம்பாங் மீனவர்களிடம் பழைய படகுப் பாய்களை வாடகைக்கு எடுத்து, தையற்காரனை வைத்து மூட்டிக்கொண்டு வந்தார் மனிதர். காற்றடித்தால் அதிலிருந்து கருவாட்டு வாடை குப்பென்று கிளம்பியது. சுத்த சைவக் கலியாணம், கேளுங்கள் கூத்தை!

"இது கடல் காத்து. துரைமாருக்குப் பிடிக்கும்" என்றார் விசுவலிங்கம். துணி போதாமல் வாசல் தாழ்ந்து போயிற்று. யாராயிருந்தாலும் இடுப்பை வளைத்துத்தான் உள்ளே நுழைய வேண்டும். அதுவும் சீமை நாகரிகம் என்று சாதித்தார்.

துரை வருவதாக எப்போது சொன்னார்? பங்களா வாசலில் நின்று இவர் அழைத்தபோது, நாய்க்கு பிஸ்கோத்துப் போட்டபடியே துரை "ம்" என்றார். அது நாய்க்குச் சொன்னதாகவும் இருக்கலாம். அந்த "ம்"மை நம்பித்தான் உயர்ந்த நாற்காலி, ரோஜா மாலை, நாதஸ்வரம் மேளம், ஓர் இங்கிலீஷ் பேச்சு எல்லாம். பேச்சைக் குளிக்கும்போதுகூட மனப்பாடம் செய்தார்.

யோகாம்பாளுக்குத் துரையும் வேண்டாம், நாற்காலியும் வேண்டாம். அவளுக்கு வேண்டியது தம்பி துரைசிங்கம். ரவாங் ரயிலடியில் டிக்கட் கிராணி. யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்தபின் இந்தச் சீமையில் அவளுக்கென்று இருக்கும் ஒரே பிறந்தவீட்டு ரத்தம். ஆனால் அவன் பெயரையே வீட்டில் எடுக்கக் கூடாது. அப்படி என்ன கொலையா செய்துவிட்டான்? சில வருடங்களுக்கு முன் கிராணிமார் கூட்டம் ஒன்றில் விசுவலிங்கம் இங்கிலீஷில் பேச எழுந்தார். ஒரு பெண்பிள்ளைகூட இல்லாத சபையைப் பார்த்து "லேடீஸ்" என்று தொடங்கினார். மச்சான் சிரித்துவிட்டான். அவ்வளவுதான், வாசற்படி அடைத்துப் போயிற்று.

றிசெப்ஷன் முடிந்த கையோடு பெண்ணும் மாப்பிள்ளையும் அவன் ஊரான ஜெராமுக்குப் புறப்பட்டுவிடுவார்கள். அதற்குள் தாய்மாமன் கை பிள்ளையின் தலையில் பட வேண்டாமா? யோகாம்பாள் கெஞ்சிப் பார்த்தாள், பட்டினி கிடந்து பார்த்தாள். மனிதர் மசியவில்லை.

"உம்மட தம்பி கதையை விடும்! எனக்குத் துரை வரவேணும். துரை வராட்டி இந்தக் கலியாணமே இல்லை!"

காய் வெட்டிக்கொண்டிருந்த அவள் கை அப்போதுதான் நின்றது. பிறந்த வீட்டில் துரைசிங்கத்தை எல்லாரும் கூப்பிடுவது "துரை" என்றுதான்.

"துரை வரத்தான் வேணுமோ?"

"நூறு தரம் சொல்லுறன், வரத்தான் வேணும்."

"பேந்து மாறிக் கதைக்கக் கூடாது."

"நான் சொன்னால் சொன்னதுதான்!"

அன்றைக்கே ரவாங்குக்கு ஆள் போயிற்று. துரை வராவிட்டால் கலியாணமே இல்லையென்று அத்தான் சொல்லிவிட்டார், உடனே புறப்பட்டு வா என்று. இதில் ஒரு சொல் பொய்யா? நீங்களே சொல்லுங்கள்.

கலியாணத்தன்று, கூலியாட்களை மேய்க்கும் மண்டோர் ரெங்கசாமி தலையைச் சொறிந்துகொண்டு அடுப்படிக்கு வந்தார். "தொரை வந்ததும் மேளம் அடிக்கணும்னு கிராணியாரு உத்தரவுங்கம்மா. ரவாங்குலேருந்தும் ஒரு தொரை வர்றாருங்குறாங்களே. எந்தத் தொரைக்கு அடிக்க?"

"எந்தத் துரை வந்தாலும் அடிக்கச் சொல்லு."

"சரிங்கம்மா."

மாலை ஆயிற்று. கூடாரம் நிறைந்துவிட்டது, சாம்பிராணியும் கருவாடும் மல்லுக்கட்டின. உயர்ந்த நாற்காலி மட்டும் காலி. "எங்க உங்கட துரை?" என்று சம்பந்தி மூன்றாம் தரம் கேட்டுவிட்டார். விசுவலிங்கத்தின் கழுத்துப்பட்டி வேர்வையில் நனைந்து சுருண்டது.

திடீரென்று மேளம் முழங்கிற்று. மாலையைத் தூக்கிக்கொண்டு ஓடினார் வாசலுக்கு. துரையின் முகத்தை அவர் என்றைக்கு நிமிர்ந்து பார்த்திருக்கிறார்? அவருக்குப் பழக்கமானவை துரையின் சப்பாத்துகள்தான். தாழ்ந்த வாசலில் முதலில் நுழைந்தவையும் மினுமினுவென்ற கறுப்புச் சப்பாத்துகள். பிறகு வெள்ளைக் கால்சட்டை. பிறகு, குனிந்து வந்த ஒரு தொப்பி. போதாதா? கண்ணைத் தாழ்த்திக்கொண்டு மாலையைப் போட்டார்.

"வெல்கம், சார்!"

"என்ன அத்தான், என்னைப் போய் சார் எண்டுறியள்?"

விசுவலிங்கம் நிமிர்ந்தார். முகம் சுண்டிப் போயிற்று. ஆனால் போட்ட மாலையைப் பறிக்க முடியுமா? சம்பந்தி வீட்டார் முழுக்க எழுந்து நிற்கிறார்கள். மேளக்காரர்கள் கன்னம் புடைக்க ஊதித் தள்ளுகிறார்கள். வேறு வழியில்லாமல் மச்சானைக் கூட்டிப்போய் அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்.

மேளம் நின்றது. சபை அவரையே பார்த்தது. மாலை போட்ட பிறகு பேச்சு என்றுதானே பழகியிருந்தார்? பாவம், வாய் தானாகத் திறந்துகொண்டது.

"லேடீஸ் அண்ட் ஜென்டில்மென்..."

யோகாம்பாள் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு தம்பியைப் பார்த்தாள். சிரிச்சுப் போடாதையடா, என்ர ராசா. இண்டைக்கு மட்டும் சிரிச்சுப் போடாதை.

துரைசிங்கம் சிரிக்கவில்லை. தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, கடைசிச் சொல் வரைக்கும் அத்தானின் முகத்தையே பார்த்துக் கேட்டான். முடிந்ததும் முதலில் எழுந்து கைதட்டியவனும் அவன்தான். பிறகு மணவறைக்குப் போய் விமலாதேவியின் தலையில் கை வைத்தான். யோகாம்பாளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

சற்று நேரத்தில் விசுவலிங்கம் அடுப்படிக்கு வந்து நின்றார். "அவனுக்கு ஆர் சொன்னது?"

"நீங்கள்தான். துரை வராட்டிக் கலியாணமே இல்லையெண்டு."

பங்களாத் துரை கிளப்பில் டென்னிஸ் ஆடிக்கொண்டிருப்பதாகச் சற்று முன்தான் சேதி வந்திருந்தது. விசுவலிங்கம் கழுத்துப்பட்டியைக் கழற்றிச் சுருட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"துரைக்கு முதல்ல இலை போடச் சொல்லும்" என்றார்.

"எந்தத் துரைக்கு?"

"வந்த துரைக்கு."