நடுவில் காணாமல் போன எழுத்து

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. பொய் என்னுடையது. (முப்பது வருடமாக வாராவாரம் துப்பறியும் தொடர்களைப் பிணத்தோடு தொடங்கியவன் நான். இதில் பிணம் இல்லை.)

முதலில் எழுதிய தொடக்கம்: "சுபாஷினி அலறினாள். மறுநிமிடம் எழுத்தாளரின் கார் மருத்துவமனைக்குப் பறந்—"

இல்லை. அவள் அலறவில்லை. கார் பறக்கவில்லை.

2

சுபாஷினிக்கு இருபத்திரண்டு வயது. ஜார்ஜ்டவுனில் என் பக்கத்து வீடு. ஜுருவில் ஒரு தொழிற்சாலையில் பூதக்கண்ணாடி வழியே கணினிச் சில்லுகளில் கீறல் தேடுகிற வேலை. என் கையெழுத்து புரிகிற ஒரே பிறவி என்பதால் என் தொடர்களை அடித்துத் தருபவளும் அவள்தான். டிங்கிக் (டெங்கு) காய்ச்சல் விட்ட வெள்ளிக்கிழமை போன் செய்தாள்.

"அங்கிள், வார்த்தைக்கு நடுவுல எழுத்து காணோம்."

"ஃபான்ட் பிரச்சினைலா. வேற ஃபான்ட் போடு."

(கணினியில் தமிழ் அடித்தவர்கள் என்னை மன்னிக்கக்கூடும். எங்கள் பிழைப்பில் எழுத்து காணாமல் போனால் குற்றவாளி எப்போதும் ஃபான்ட்தான்.)

சனிக்கிழமை: "மாத்திட்டேன் அங்கிள். இன்னும் காணோம்."

"பெருசாக்கி அடி. திங்கக்கெழம அத்தியாயம் போவணும்."

ஞாயிறு இரவு அத்தியாயம் வந்தது, பிழை பிழையாக. திங்கள் காலை திட்டுவதற்கென்றே போனேன். என்னை உற்றுப் பார்த்தாள்.

"காது ரெண்டும் இருக்கு. மூக்கக் காணோம். உங்க மூஞ்சிக்கும் ஃபான்ட் மாத்தணுமா அங்கிள்?"

3

அன்று மதியமே மருத்துவமனையில், விழித்திரையின் நடுவில் வீக்கம் என்றார் கண் டாக்டர் நோர்மா. டிங்கி அபூர்வமாகச் சில இளவயதுக்காரர்களுக்கு இப்படிச் செய்யுமாம். எப்போதிருந்து என்று மலாயில் கேட்டார்.

சுபாஷினி வாய் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன். "பாகி தாடி, டாக்டர்." இன்று காலை.

அட்டையில் அப்படியே எழுதிக்கொண்டார். சுபாஷினி என் பக்கம் திரும்பினாள்.

4

முடிவு அ: பார்வை முழுதாகத் திரும்புகிறது. (பலருக்குத் திரும்புமாம்.)

முடிவு ஆ: பார்வையின் நடுவில் அந்த ஓட்டை தங்கிவிடுகிறது, தொழிற்சாலை அவளை—

எனக்குத் தெரியாது. இரண்டு மாதமாகிறது; ஓட்டை சிறுத்திருக்கிறது, போகவில்லை. வேலைக்கு இன்னும் கூப்பிடவில்லை. வியாழக்கிழமை மறுபரிசோதனை. அட்டையில் இன்னமும் அந்தக் காலைதான் இருக்கிறது.

உன்னை வைத்துக் கதை எழுதுகிறேன் என்று நேற்று சொன்னேன்.

"எத்தன நாள்னு போட்டிருக்கீங்க அங்கிள்?"

அவ்வளவுதான் கேட்டாள்.

கடைசி வரி இது:

"அவள் சொல்லி ........ நாள் கழித்தே டாக்டரிடம் போனோம்."

விட்ட இடம் நடுவில்தானே, அவள் கண்ணுக்குத் தெரியாது என்று ஒரு கணம் நினைத்தேன். பொய்யைவிட அந்த நினைப்புதான் கூசுகிறது.

நீங்கள் நாட்களை எண்ணியிருப்பீர்கள். நிரப்பிவிடுங்கள். பிறகு வாய்விட்டுப் படியுங்கள். காது அவளுக்கு நன்றாகவே கேட்கும்.