சிவப்புத் துணியில் வெள்ளைப் படகு

தோற்றால் மேசையை நானே கழற்றுவேன், ஒரு திருகாணியைக்கூட அக்காவைத் தொட விடமாட்டேன் என்று தங்கை மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். கை அதுபாட்டுக்கு மையைக் கலக்கிக்கொண்டிருந்தது.

அக்காவும் தங்கையும் சேர்ந்து நடத்தும் டி-ஷர்ட் அச்சுக்கடை அது. ஜன்னலோரம் தங்கையின் மேசை. அதன்மேல் சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணியும் மையை இழுக்கும் ரப்பர் பட்டையும். எதிரே அக்கா புதிதாக வாங்கிய மெஷின். அது படத்தை பிலிமில் அச்சடித்துப் பசைத்தூள் தூவித் தரும். சூட்டுப்பலகைக்கு அடியில் வைத்து அழுத்தினால் படம் துணியில் ஒட்டிக்கொள்ளும். மெஷின் வந்ததிலிருந்து கடைக்குள் ஒருக்களித்துத்தான் நடக்க முடிந்தது.

படகுப் பந்தய அணி ஒன்று சிவப்பு பாலியஸ்டர் டி-ஷர்ட்டில் வெள்ளைப் படகு கேட்டு வந்தது. ஆளுக்கொரு மாதிரி அடிப்பது, அணியின் பயிற்சியாளர் எதை எடுக்கிறாரோ அந்த வேலை ஜன்னலோரம், மற்றது பின்னாலிருக்கும் இருட்டறைக்கு என்று சகோதரிகள் பேசி முடித்திருந்தார்கள்.

அக்காவுடையது கண் மூடித் திறப்பதற்குள் தயார். துடுப்பின் நுனிகூடப் பிசிறில்லாமல் விழுந்திருந்தது. அழகாகத்தான் இருந்தது, அதை இல்லையென்று சொல்லத் தங்கைக்கு மனம் வரவில்லை.

அவள் துணியின் மேல் முதலில் சாம்பல் நிறத்தை இழுத்தாள். அக்கா எட்டிப் பார்த்தாள்.

"வெள்ளை கேட்டா சாம்பலைப் பூசுறே. படகு என்ன அடுப்புக்குள்ளயா ஓடப்போகுது?"

"கொஞ்சம் பொறுக்கா."

"பொறுத்துப் பொறுத்துத்தானே உன்கூட கடை நடத்துறேன்."

பாலியஸ்டரில் ஏற்றிய சிவப்புச் சாயம் சூடு பட்டால் மெல்ல மேலேறி வரும். சாம்பல் பூச்சு அதற்குப் போடும் தடை. அக்காவிடம் ஒருமுறை சொன்னாள், அக்கா காதில் வாங்கவில்லை. மறுமுறை சொல்லாமல் விட்டதில் கொஞ்சம் கள்ளத்தனமும் இருந்ததென்று தங்கைக்குத் தெரியும். குறைந்த சூட்டில் காயவைத்து, மேலே வெள்ளையை இழுத்து முடித்தாள்.

வாங்கிப்போன மாதிரிகள் இரண்டையும் அடுத்த வாரம் பயிற்சியாளரம்மா கொண்டுவந்து மேசையில் விரித்தார்.

"ரெண்டையும் போட்டு துடுப்பு வலிச்சோம், துவைச்சோம். வாங்கின அன்னிக்கு மெஷின்ல போட்டதுதான் எல்லாருக்கும் பிடிச்சுது. இப்போ பாருங்க, படகுக்கு வெட்கம் வந்துடுச்சு."

அக்காவின் வெள்ளைப் படகு ரோஜா நிறமாகியிருந்தது. தங்கையின் படகு அப்படியே பளிச்சென்று வெள்ளை.

"அணி முழுக்க இந்த வெள்ளைதாம்மா வேணும்" என்றார் அவர். "அப்புறம், பொண்ணுங்க பருத்தி டி-ஷர்ட்ல ஆளுக்கொண்ணு அவங்கவங்க போட்டோ கேக்கறாங்க. அதையும் நீங்களே அடிப்பீங்களா?"

"அது அக்கா மெஷின்லதாங்க நல்லா வரும். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சட்டம் கட்டி நான் முடிக்கறதுக்குள்ள அந்தப் பொண்ணுங்களுக்கு வயசாயிடும்."

பயிற்சியாளர் சிரித்துக்கொண்டே போனார். தங்கைக்குக் கால் தரையில் பாவவில்லை. சின்ன வயதில் பேருந்தின் ஜன்னல் இருக்கை, காற்று வரும் கட்டில், முதல் தோசை என்று நல்லது எதுவானாலும் அக்காவுக்கு. விட்டுக்கொடுக்கிற பிள்ளை என்று வீட்டில் மெச்சினார்கள். உனக்கு வேண்டாமா என்று ஒருவரும் கேட்டதில்லை. வேண்டியிருந்தது என்று இன்றுதான் அவளே தெரிந்துகொண்டாள்.

"பருத்திக்கு வைக்கிற சூட்டையே வச்சுட்டேன்டீ" என்றாள் அக்கா.

"ஆமாக்கா."

அக்கா மெஷினைத் தடவிக்கொண்டு நின்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஜெயிச்சது நீதான், இல்லேங்கல. ஆனா வர்றவங்க கண்ணுல முதல்ல மெஷின் பட்டா கடைக்குத்தானே நல்லது? நீ புரிஞ்சுக்கற பொண்ணு. கொஞ்ச நாளைக்கு மேசையைப் பின்னால போட்டுக்கறியா?"

வழக்கமான 'சரிக்கா' நாக்குக்கு வருமென்று தங்கை காத்திருந்தாள். வரவில்லை. அது வராததில் கோபமோ வருத்தமோ இல்லை, நெஞ்சு நிறைந்து இருந்தது. அணியின் முதல் சிவப்பு டி-ஷர்ட்டை எடுத்து மேசையில் விரித்து, சுருக்கத்தை உள்ளங்கையால் நீவினாள்.

"இல்லக்கா" என்றாள் மெதுவாக. "மேசை இங்கேயே இருக்கட்டும்."