இரும்புப் பாலத்தின் நிறம்

எங்கள் ஊரான கட்லர்ஸ் பெண்டில் யாராவது வழி கேட்டால், இல்லாததை வைத்துத்தான் சொல்வோம். எரிந்துபோன மாவு மில்லில் இடப்பக்கம் திரும்பு என்போம், இடித்துப்போட்ட தேவாலயத்தைத் தாண்டி நேரே போ என்போம். ஊரில் பிறந்தவர்களுக்குப் புரியும். வெளியூர்க்காரர்கள் ஆற்றங்கரையைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். அதைப் பார்ப்பதில் எங்களுக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

அன்று மதியமாகியும் மூடுபனி கலையவில்லை. கொட்டகையில் வேலையாக இருந்த என் கணவர் வெண்டல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். ஆம்புலன்சுக்குச் சொன்னேன். ஓட்டுநர் ட்ரெவர் நகரத்திலிருந்து புதிதாக வந்தவன். பள்ளத்தாக்கில் இறங்கியதும் போனில் வரைபடம் தெரியவில்லை என்று என்னையே அழைத்து வழி கேட்டான். பதற்றத்தில் வாய் தன்பாட்டுக்குச் சொல்லிவிட்டது: மில்லில் இடப்பக்கம் திரும்பு, இரும்புப் பாலம் தாண்டியதும் முதல் வீடு.

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. ஆற்றுப் பனிக்கட்டி உடைந்த ஒரு மார்ச் மாதத்தில் அந்தப் பாலம் முறிந்து போய்விட்டதே. இப்போது மருத்துவமனைப் பக்கம் போக, வர, மலையைச் சுற்றும் நெடுஞ்சாலைதான். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்று நினைத்தபடி மறுபடி எண்ணை அழுத்துவதற்குள் வாசலில் சைரன் கேட்டது.

ட்ரெவரும் உதவிக்கு வந்த கெய்லா என்ற பெண்ணும் வெண்டலை வண்டியில் ஏற்றினார்கள். எப்படி வந்தீர்கள் என்று கேட்டேன்.

"நீங்க சொன்ன வழிதாம்மா," என்றான் ட்ரெவர். "மில் வாசல்ல மூட்டை ஏத்திக்கிட்டிருந்தாங்க. அங்கதான் கொஞ்சம் நேரமாச்சு."

மூட்டை ஏற்ற அங்கே மில்லே இல்லை. நெடுஞ்சாலையில் போனால் அவர் தாங்க மாட்டார் என்றாள் கெய்லா. வெண்டலின் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. பயமாவது மண்ணாவது, இவர் பிழைத்தால் போதும் என்றிருந்தது. வந்த வழியே போகச் சொல்லிவிட்டு அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன்.

பாலம் இருந்தது. சக்கரத்துக்கு அடியில் இரும்பு அதிர்ந்தது. கைப்பிடியோரம் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டார். அது ஹோமர். அவர் சவப்பெட்டியில் நானே பூ வைத்திருக்கிறேன்.

வெண்டல் கண்ணைத் திறந்தார். முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது.

"ஏன்டி லொரெட்டா, இந்தப் பொண்ணு எதுக்கு என் நெஞ்சைப் போட்டு அமுக்குது? வலியே இல்லடி. விடச் சொல்லு."

சந்தோஷத்தில் அழுதுவிட்டேன். கெய்லா சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள். அவள் பார்வை இதயத் துடிப்பைக் காட்டும் இயந்திரத்தில் இருந்தது. அதில் கோடு நேராக ஓடிக்கொண்டிருந்தது. ஒயரைச் சரிபார்த்தாள், மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள், கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து இல்லை என்று தலையை மட்டும் அசைத்தாள்.

முன்கண்ணாடியில் அக்கரை தெரியத் தொடங்கியது.

"மெதுவாப் போப்பா," என்றேன்.

ட்ரெவர் திரும்பினான். "ஆஸ்பத்திரி பக்கத்துல வந்துடுச்சும்மா."

"தெரியும். மெதுவாப் போ."

அவன் கெய்லாவின் முகத்தைப் பார்த்தான். சைரனை அணைத்துவிட்டு வேகத்தைக் குறைத்தான். வண்டி நடக்கிற வேகத்தில் ஊர்ந்தது.

வெண்டல் ஜன்னல் வழியே பார்த்துச் சிரித்தார். இந்தப் பாலத்துக்கு எப்போதும் பச்சைப் பெயின்ட்தான், அழகு, என்றார். இல்லை, சாம்பல் நிறம் என்றேன். கண்ணாடியை மாத்துடி என்றார். உங்களுக்கு என்றைக்கு நிறம் தெரிந்தது என்றேன். அவர் விடவில்லை, நானும் விடவில்லை. உண்மையில் பச்சைதான். கம்பி கம்பியாகக் கண் முன்னால் போய்க்கொண்டிருந்தது. ஆனாலும் கரை வரும்வரை சாம்பல் என்றே சாதித்தேன்.