பதினான்காம் கேள்விக்கு முப்பத்தொன்பது தப்பு

சனிக்கிழமை காலை முப்பத்தொன்பது விடைத்தாள்களையும் திருத்தி முடித்தபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பதினான்காம் கேள்விக்கு முப்பத்தொன்பது பேரும் ஒரே தப்பான விடையைக் குறித்திருந்தார்கள். கேள்வி எளிமையானது. பத்தியைப் படித்துவிட்டு, எழுதியவரின் மனப்பான்மை என்ன என்று சொல்ல வேண்டும். அ. நடுநிலை. ஆ. ஏளனம். இ. அனுதாபம். ஈ. பிரியம். சரியான விடை 'அ'. பத்தியை எழுதியவனே நான்தான், எனக்குத் தெரியாதா? எங்கள் சாலைச் சந்திப்பில் லாரிகள் மாட்டிக்கொண்டு நிற்பதைப் பற்றி, போலீஸ் அறிக்கை மாதிரி உப்புச் சப்பில்லாமல் இருக்க வேண்டும் என்றே உட்கார்ந்து எழுதியது. அத்தனை பேரும் 'ஈ' என்று போட்டிருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். எவனோ விடைக்குறிப்பைக் கசிய விட்டிருக்கிறான், அதையும் தப்பாகக் கசிய விட்டிருக்கிறான். எங்கள் ஊரான போர்ட் ஹார்கோர்ட்டில் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்குப் பாடம் எடுக்கும் யாருக்கும் முதலில் தோன்றுவது இதுதான்.

மருந்துக்கடைக்கு மேலே இருக்கிறது எங்கள் வகுப்பு. படியேறியதும் தாள்களை மேசைமேல் எறிந்தேன்.

"யாரு வித்தது? மரியாதையா எழுந்து நில்லுங்க."

எழுந்தவர் நியெச்சே. வயது நாற்பத்திரண்டு, ஆட்டோ ஓட்டுகிறார், நான்காவது முறையாக எழுதப்போகிறார். சட்டம் படித்தே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிற மனிதர்.

"சார், காசு குடுத்து விடை வாங்குறவன் சரியான விடையத்தானே வாங்குவான்? தப்பான விடைய எந்த மடையன் வாங்குவான்?"

வகுப்பு சிரித்தது.

"நீங்க சொல்லிக் குடுத்த மாதிரிதான் சார் போட்டோம்" என்றார், குரலை இறக்கி, நீதிபதியிடம் பேசுவதுபோல.

நான் சொல்லிக் கொடுப்பது ஒன்றே ஒன்றுதான். மூன்று வருடங்களாகத் தொண்டை கிழியக் கத்தி வருகிறேன். எழுதியவன் எதைச் சொல்லியாக வேண்டுமோ அதை விட்டுவிடு. தேவையே இல்லாமல் எதைச் சொல்கிறான் என்று பார், அதன் கீழே கோடு போடு. அவன் மனசு அங்கேதான் இருக்கும். இந்த முறையில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் தேறியிருக்கிறார்கள். இதைக் கண்டுபிடித்தவன் நான் என்கிற கர்வமும் எனக்கு உண்டு, மறைப்பானேன்.

நியெச்சே கேள்வித்தாளை உயர்த்திப் பிடித்தார். "லாரி எத்தனை? எழுதல. போலீஸ்காரர் குட்டையா நெட்டையா? எழுதல. ஆனா மூலையில வாழக்கா சுடுற பொம்பள, புருவத்து வேர்வையத் தோள்லதான் தொடைக்கும்னு எழுதியிருக்கு. மழை வந்தா மொதல்ல மீன மூடும், அப்புறம்தான் தன் தலைய மூடும்னு எழுதியிருக்கு. யாராச்சும் ஜோக் சொன்னா முடியறதுக்கு முன்னாடியே சிரிச்சுரும்னு எழுதியிருக்கு. லாரி நிக்கிறதுக்கும் இதுக்கும் என்ன சார் சம்பந்தம்?"

கடைசி பெஞ்சில் சொட்டோன்யே என்று ஒரு பெண். வருகை எடுக்கும்போதுகூட கையை மட்டும்தான் தூக்கும். அது எழுந்து, "மொத்தம் பதினேழு வரி சார். அதுல பதினோரு வரி அந்த அக்கா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டது.

நான் தாளை வாங்கிப் படித்தேன். முதல் வரியில் லாரி வருகிறது. இரண்டாவது வரியிலேயே அவள் வந்துவிடுகிறாள், பிறகு போகவே இல்லை. போலீஸ்காரர் பாவம், ஒரு வரியில் வந்து விசில் ஊதிவிட்டுப் போகிறார். என் காது மடல்கள் சுட்டன. ஞாயிறு தவிர தினமும் மதியம் அவளிடம் போய், "மேடம், ஒரு வாழைக்காய், ஒரு மீன், காரம் தூக்கலா" என்பேன். வாங்குவேன், வந்துவிடுவேன். மூன்று வருடங்களில் இதற்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் வாழைக்காய்ப் பிரியன் என்றுதான் இத்தனை நாள் என்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு அவளைப் பிடித்திருக்கிறது. கொள்ளை கொள்ளையாகப் பிடித்திருக்கிறது. ஊருக்கெல்லாம் அடுத்தவன் மனப்பான்மையைக் கண்டுபிடிக்கச் சொல்லிக் கொடுத்த எனக்கு இது தெரியவில்லை. சந்தோஷத்தில் சிரிக்கவேண்டும் போலவும் மேசைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளவேண்டும் போலவும் இருந்தது.

"எல்லாருக்கும் ஒரு மார்க் போட்டுக்கங்க" என்றேன்.

பெஞ்சைத் தட்டிய தட்டில் கீழே மருந்துக்கடைக்காரர் கூரையைப் பார்த்திருப்பார். சத்தம் அடங்கியதும் நியெச்சே தலையைச் சொறிந்தார்.

"அக்காவுக்கும் ஒரு கேள்வித்தாள் குடுத்துட்டேன் சார்."

"எப்ப?"

"காலைலயே. எதுக்கு எல்லாரும் என்னப் பாத்துச் சிரிக்கிறீங்கன்னு கேட்டுச்சு."

தினமும் வந்து சாப்பாடு வாங்குகிற ஒருவன் அவள் வேர்வையைக்கூட விடாமல் பார்த்துவைத்து, அதைப் பரீட்சைக் கேள்வியாக்கி, ஊர்ப் பிள்ளைகள் கையில் கொடுத்திருக்கிறான். ஒரு பெண் இதை எப்படி எடுத்துக்கொள்வாள்? அங்கேதான் 'ஆ. ஏளனம்' என்று நானே எழுதிவைத்திருக்கிறேனே. அவள் அதைக் குறித்திருந்தால்? அப்படிக் குறித்திருந்தால் இனிமேல் அந்த மூலைப் பக்கம் நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது? பின்வாசல் இருந்தால் அப்படியே போயிருப்பேன். அந்தக் கட்டடத்துக்கு ஒரே படிக்கட்டுதான்.

இறங்கிப் போனேன். மேலே ஜன்னலில் முப்பத்தொன்பது தலைகள். அவள் தணலைக் கிளறிவிட்டு நிமிர்ந்தாள்.

"வாங்க சார். இன்னிக்கு நேரமாயிருச்சு."

"வகுப்பு கொஞ்சம் இழுத்துருச்சு மேடம்."

"தெரியும். நீங்க கத்தினது இங்க வரைக்கும் கேட்டுச்சு." உப்பு டப்பாவுக்கு அடியிலிருந்து ஒரு தாளை உருவினாள். "நானும் எழுதியிருக்கேன். திருத்துங்க."

ஓரமெல்லாம் கரிக் கைரேகை. பதினான்காம் கேள்வியில் நான்கு விடைகளையும் அடித்திருந்தாள். கீழே அவளே ஒன்று சேர்த்திருந்தாள். உ. பயம்.

"இப்படி ஒரு விடை இதுல இல்லையே" என்றேன். வாத்தியார் புத்தி எங்கே போகும்.

"இல்லாதது என் தப்பா? மூணு வருஷமா ஒரு மனுஷன் பொட்டலத்த வாங்கினதும் நாய் துரத்தின மாதிரி ஓடுறாரு. நான் என்ன கடிச்சா வெச்சுருவேன்? இதெல்லாம் பாத்திருக்கீங்கள்ல, பாத்தேன்னு வாயத் தொறந்து சொல்றதுக்கு என்ன? மார்க் போடுங்க."

பேனாவைத் தேடி எடுத்து, சரி என்று போட்டேன். பிறகு, எங்கிருந்து தைரியம் வந்ததோ, "ஈ-யும் சரிதான் மேடம்" என்றேன்.

"ஒரு கேள்விக்கு ரெண்டு விடையா? உங்க பரீட்சைல அப்படி உண்டா?"

"இல்ல. கேள்வியே தப்பு. எழுதினவன் முட்டாள்."

நான் முடிப்பதற்குள் அவள் சிரித்துவிட்டாள். வரிசையில் நின்ற இரண்டு பேர் காரணம் தெரியாமல் சேர்ந்து சிரித்தார்கள்.

"என்ன மேடம் மேடம்னு. என் பேரு தெரியுமா?"

"தெரியும்."

"எங்க, சொல்லுங்க."

"இபிசோ."

"சார், இங்க கேக்கல!" என்று மாடியிலிருந்து நியெச்சே கத்தினார்.

"இபிசோ!" என்றேன், சந்திப்பு முழுக்கக் கேட்கும்படி. ஜன்னலில் விசில் பறந்தது.

எப்போதும் செய்தித்தாளில்தான் சுற்றிக் கொடுப்பாள். இன்று பெஞ்சுக்கு அடியில் கைவிட்டு, துணியில் சுற்றியிருந்த எனாமல் தட்டை எடுத்தாள், அவள் சாப்பிடுகிற தட்டு. இரண்டு வாழைக்காயைப் பிளந்து வைத்தாள், பெரிய மீனாகப் பார்த்து எடுத்தாள், காரச் சாற்றை அள்ளி ஊற்றினாள். பெஞ்சின் ஒரு கோடியில் உட்கார்ந்து, தட்டை நடுவில் வைத்து, மறு கோடியைத் தட்டிக் காட்டினாள். உட்கார்ந்தேன். அவள் மீனின் கன்னச் சதையைக் கிள்ளி என் பக்கம் தள்ளிவிட்டு, தானும் ஒரு விள்ளல் எடுத்துக்கொண்டாள்.

"அக்கா, என்னோடது கருகுது!" என்று வரிசையில் ஒருவன் அலறினான்.

தணலிலிருந்து புகை எழும்பியது. இபிசோ திரும்பிப் பார்க்கவில்லை. தட்டைப் பார்த்தபடி, நிதானமாக மென்றுகொண்டிருந்தாள்.