மல்லுக்கட்டியாரும் நரிமலையும்

போராட்டத்தின் கடவுளான மல்லுக்கட்டியார், மேலக்குறிச்சியில் சூப்பர் ஹீரோக்கள் வசிக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை குடிவந்தார். காலையில் அடுப்பில் வைத்த பால் சாயங்காலம்தான் பொங்கியது. அவர் வீட்டில் எதுவும் லேசில் நடக்காது. வந்திருந்தவர்கள் பொறுமையாகக் காத்திருந்து, ஆளுக்கொரு வாய் குடித்துவிட்டு மாடியேறினார்கள்.

அதன்பிறகு குடியிருப்பில் ஊறுகாய் பாட்டில்கள் திறக்க மறுத்தன. கொடியில் காயும் துணிகள் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக்கொண்டன. இரண்டாவது மாடி தணிகாசலம் பறக்கிறவர். அவர் பால்கனியிலிருந்து கிளம்பும்போதெல்லாம் வேட்டி கம்பியில் மாட்டியது. ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டால் மல்லுக்கட்டியார், "சும்மாதான். பொழுது போகல" என்பார்.

மூன்றாவது மாடியில் பொற்கொடி இருந்தாள். பிறந்ததிலிருந்தே அவளுக்கு எதுவும் கனத்ததில்லை. கவிழ்ந்த லாரியும் கறிவேப்பிலைக் கொத்தும் அவள் கைக்கு ஒன்றுதான். பாலத்தை நிமிர்த்துவாள், பள்ளத்தில் விழுந்த பஸ்ஸை எடுத்து ரோட்டில் வைப்பாள், கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவாள். சாயங்காலம் வேலை முடிந்து களைத்து வருகிறவர்கள் படிக்கட்டில் உட்கார்ந்து 'அப்பாடா' என்று காலை நீட்டும்போது அவளுக்குக் கொஞ்சம் பொறாமையாக இருக்கும். அவளும் உட்கார்ந்து காலை நீட்டிப் பார்ப்பாள். ஒன்றும் தெரியாது.

பங்குனி மாதத்தில் நரிமலை ஊரை நோக்கி வர ஆரம்பித்தது. வேகமாக இல்லை, மேய்ந்துகொண்டே வரும் மாடு மாதிரி. தினமும் காலையில் பொற்கொடி போய் அதைத் தூக்கிப் பழைய இடத்தில் வைப்பாள். சாயங்காலத்துக்குள் நேற்றைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே வந்திருக்கும். ஒருமுறை தணிகாசலம் அதை ஆகாயமார்க்கமாகப் பக்கத்து மாவட்டத்தில் கொண்டுபோய் விட்டார். அடிவாரமெல்லாம் அந்த மாவட்டத்துச் செம்மண் ஒட்டியிருக்க, மலை திரும்பி வந்துவிட்டது.

அது வரும் வழியில் பிரசவ ஆஸ்பத்திரி இருந்தது. பொற்கொடியின் தங்கை வளர்மதிக்கு அங்கே வலி கண்டிருந்தது. குழந்தையின் தலை இன்னும் சரியாகத் திரும்பவில்லை, இவளை இப்போது எங்கேயும் நகர்த்தக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

பொற்கொடி மலையை எடுத்து வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து, பிளாஸ்க்கில் கஞ்சியும் கக்கத்தில் பழைய புடவைகளுமாக இறங்கினாள். கீழே மல்லுக்கட்டியார் கேரம் பலகையைப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஒரு ஆட்டம் ஆடிட்டுப் போம்மா."

"நேரமில்லைங்க சாமி. தங்கச்சி ஆஸ்பத்திரில இருக்கா."

"படிக்கட்டு இன்னிக்கு இந்தப் பலகைலதான் முடியுது. நான் என்ன பண்றது?"

பொற்கொடி பார்த்தாள். அப்படித்தான் முடிந்திருந்தது. உட்கார்ந்தாள். பந்தயம் பேசினார்கள். அவள் ஜெயித்தால் அவர் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அவர் ஜெயித்தால் அவளுடைய சுலபம் அவருக்கு. கடைசியில் சிவப்புக் காய் மட்டும் மிஞ்சியது. மாடியில் எவர் வீட்டிலோ குக்கர் கத்தியது. அவள் நிமிர்ந்து பார்த்து முடிப்பதற்குள் அவர் சிவப்பை முழங்கையால் குழிக்குள் தள்ளிவிட்டார்.

"முழங்கையால தள்ளுனீங்க."

"ஆமா. யாரு இல்லன்னா?"

அவளுடைய சுலபத்தை வாங்கி, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பொற்கொடி எழுந்தாள். உடனே உட்கார்ந்துவிட்டாள். கம்மல் காதை இழுத்தது. புடவை தோளில் அழுத்தியது. தன் உடம்பு இவ்வளவு இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை. பிளாஸ்க்கை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு நடந்தாள். ஆஸ்பத்திரி வரைக்கும் ஒவ்வொரு மரத்தையும் பிடித்து நின்று மூச்சு வாங்கினாள். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் ரோடு காலை வாங்கிக்கொள்வது பிடித்திருந்தது.

அவள் போனபோது மலை ஆஸ்பத்திரியின் மதிலை இடித்து உள்ளே வந்திருந்தது. வேப்பமரம் ஒன்று முறிந்து கிடந்தது.

தணிகாசலம் காற்றிலிருந்து இறங்கினார். "தூக்கிட்டுப் போய் வச்சுப் பாத்துட்டேன். இன்னிக்கு அதுக்கு என்ன அவசரமோ, நான் கீழ இறங்குறதுக்குள்ள இங்க வந்துடுது. நீ தூக்கும்மா."

"என்னால முடியாதுண்ணே. சுலபத்தை சாமி ஜெயிச்சுட்டாரு."

"அப்ப?"

அவள் பிளாஸ்க்கை ஓரமாக வைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். மலையில் முதுகைக் கொடுத்து, குதிகாலை மண்ணில் ஊன்றித் தள்ளினாள்.

மலை நின்றது.

இத்தனை நாளாகத் தன்னை யாரோ எடுத்து எடுத்து வைத்தது அதற்குத் தெரியவே தெரியாது. இப்போதுதான் ஒரு ஆள் தட்டுப்பட்டிருக்கிறது. அது நிதானமாகத் திருப்பித் தள்ளியது. பொற்கொடியின் கால் சறுக்கியது, மறுபடி ஊன்றினாள். தோள் தேய்ந்து ரத்தம் கசிந்தது. மல்லுக்கட்டியார் வந்து இடிந்த மதில்மேல் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்தார்.

"விட்டுடேன்" என்றார் அவளிடம்.

பிறகு பாறைப்பக்கம் குனிந்து, அதே மாதிரி, "விட்டுடேன்" என்றார் மலையிடம்.

இரண்டு பேரும் விடவில்லை. ஜன்னல் வழியாக வளர்மதியின் அலறல் கேட்டது.

"வளரு, முக்குடி!" என்று பொற்கொடி கத்தினாள்.

"நீ முக்குடி!" என்றாள் வளர்மதி உள்ளிருந்து.

அக்காளும் தங்கையும் சேர்ந்து மூச்சைப் பிடித்தார்கள். சேர்ந்தே மூச்சை விட்டார்கள். மறுபடி பிடித்தார்கள். தணிகாசலம் தோள் துண்டை எடுத்து அவள் முகத்து வியர்வையைத் துடைத்துவிட்டார். வார்டிலிருந்த மற்ற பெண்களெல்லாம் ஜன்னலுக்கு வந்து, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்றார்கள். அதை யாருக்குச் சொன்னார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாது. குழந்தையின் குரல் கேட்ட அதே நொடியில் நரிமலை ஒரு அடி பின்னால் வைத்தது. பிறகு இன்னொரு அடி. அப்புறம் மடமடவென்று பின்வாங்கி, காய்ந்த ஏரியைத் தாண்டிப்போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது.

ஊரே கைதட்டியது. பொற்கொடி ஆஸ்பத்திரிப் படியில் போய் விழுந்தாள். நர்ஸ் குழந்தையைக் கொண்டுவந்து மடியில் வைத்தார். பெண் குழந்தை. பொற்கொடி இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு, "என்னா கனம் கனக்குறா" என்றாள். எல்லாரிடமும் சொன்னாள்.

மல்லுக்கட்டியார் சட்டைப் பையிலிருந்து மடிப்பை எடுத்து நீட்டினார். "இந்தா. ஏமாத்தித்தானே ஜெயிச்சேன்."

"இருக்கட்டும் சாமி. நீங்களே வச்சுக்குங்க."

அவர் முகம் விழுந்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. பொற்கொடி காலை நீட்டினாள். முழங்கால் வலித்தது, இடுப்பு வலித்தது, விரல்கள்கூடத் தனித்தனியாக வலித்தன. "அப்பாடா" என்றாள்.

ஏரிக்கு அந்தப் பக்கம் மலைக்கு மூச்சு இரைத்துக்கொண்டிருந்தது. பாவம், அதுவும்தானே பாடுபட்டது என்று ஊரில் பேசிக்கொண்டு, தண்ணீர் லாரியை அனுப்பினார்கள். டிரைவர் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தி, குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு, வாய் எந்தப் பக்கம் என்று கேட்டார். மலை திரும்பிக் காட்டியது.